ஒரு குல்லாவின் கூலி

இலக்கியம் பேசுகிற இடத்தில் உல்லன் குல்லாவைப் பற்றிப் பேசப் புகுந்தால் முதலில் ஒரு சமாதானம் சொல்லியாக வேண்டும் என்பது நம் சூழலின் வழக்கம். கோயில் சிற்பத்தைப் பற்றி எழுதினால் யாரும் காரணம் கேட்பதில்லை. பழைய திரைப்படங்கள், கர்நாடக இசை, எந்த ஊரில் நல்ல காபி கிடைக்கும் என்பது வரை இலக்கிய வாசகர்கள் ஆர்வத்தோடு படிக்கிறார்கள். ஊசியும் நூலும் வந்தவுடன் மட்டும், இது மகளிர் பக்கத்துச் சமாசாரமாயிற்றே என்ற முகச்சுளிப்பு எழுகிறது. அந்த முகச்சுளிப்பையும், அதன் பின்னால் நிற்கும் ஒரு சொல்லையும் பற்றியதே இக்கட்டுரை. அந்தச் சொல், பொழுதுபோக்கு.

குரோஷாப் பின்னலை நாம் பொழுதுபோக்கு என்கிறோம். பின்னுகிறவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். 'சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் போட்டது' என்ற ஒரு வாக்கியம் போதும். மூன்று மணி நேர உழைப்பு காற்றில் கரைந்துவிடும். நம் கருத்து இதுதான்: ஒரு வேலைக்கு நாம் வைக்கும் பெயர் அதன் கூலியில் போய் முடிகிறது. குரோஷாவின் கதையில் இது மிகத் துலக்கமாகத் தெரிகிறது. அதைக் காட்டுவதற்குப் புடைப்புப் பின்னல் போட்ட ஒரு சாதாரணக் குல்லாவை, குழந்தைக்கும் பெரியவருக்குமாக, எடுத்துக்கொள்வோம்.

முதலில், பரவலாகத் தெரியாத ஒரு செய்தி. கடையில் தொங்கும் ஸ்வெட்டர் எந்திரத்தில் பின்னியதாக இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் உண்மையான குரோஷாப் பின்னல் எங்கே விற்பனைக்கு வந்தாலும், அது சென்னைப் பாரிமுனையாக இருக்கட்டும், பாரிஸ் நகரத்து அலங்காரக் கடையாக இருக்கட்டும், அது ஒரு மனிதக் கையால் பின்னப்பட்டது. இரண்டு ஊசிகளால் பின்னும் ஸ்வெட்டர் பின்னலுக்கு எந்திரம் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தை அமைத்தது 1589-இல். குரோஷாவுக்கு அப்படியொன்று இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. ஆய்வகங்களில் சிலர் முயன்றுவருகிறார்கள்; சிறு துண்டுகளைப் பின்னிக் காட்டியும் இருக்கிறார்கள். துணித் தொழிலில் 'குரோஷே மெஷின்' என்ற பெயரில் ஓடுவது வேறு வகைப் பின்னல் எந்திரம். அதில் வருவது குரோஷாவின் சாயல் மட்டுமே.

ஏன் இப்படி? இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும் திறந்த கண்ணிகளாக ஊசியில் வரிசையாக நிற்கும். அவற்றை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும் கொக்கிகளை வரிசையாக அமைத்துவிடலாம். குரோஷாவில் எந்தக் கணத்திலும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். குரோஷா என்ற பெயரே சிறு கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒற்றைக் கொக்கி, ஏற்கெனவே பின்னி முடித்த துணிக்குள் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம்: கண்ணியின் தலையில், அதன் பாதியில், இரண்டு கண்ணிகளுக்கு நடுவே, முந்தைய சுற்றின் தண்டைச் சுற்றி. எங்கே நுழைய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணும் விரலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எந்திரத்துக்கு வசப்படாத இடம் அந்தத் தீர்மானம்தான்.

நிற்க. இனி குல்லாவுக்கு வருவோம்.

குல்லாவை உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுவது பரவலான முறை. இழுத்தால் சுருங்கும் ஒரு நூல் வளையத்தை விரலில் சுற்றி, அதற்குள் 12 கண்ணிகள் போட வேண்டும். இங்கே கண்ணி என்று நாம் சொல்வது, டபுள் குரோஷா என்று அமெரிக்கப் புத்தகங்களில் வழங்கும் உயரமான கண்ணியை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டால் 24. அதற்கடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றில் இரட்டித்தால் 36. பிறகு 48. பிறகு 60. ஒவ்வொரு சுற்றுக்கும் பன்னிரண்டு கூடுகிறது. துணி ஒரு வட்டத் தட்டாக விரிகிறது. ஓரளவு தடித்த நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் என்றால், பத்துச் சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கண்ணிகள் அமையும். 60 கண்ணிகள் என்றால் சுற்றளவு 50 சென்டிமீட்டர். வளர்ந்தவரின் தலை 56 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். குல்லா நின்று பிடிக்க வேண்டுமானால் தலையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். ஆக, ஐந்தாம் சுற்றோடு கூட்டுவதை நிறுத்திவிட்டு, 60 கண்ணிகளையே திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டு போனால், தட்டு வளைந்து கீழிறங்கிக் கிண்ணமாகிறது. குல்லாவின் உருவம் பிறக்கும் இடம் அதுதான்.

குழந்தைக்கு? ஐந்து வயதுக் குழந்தையின் தலை 51 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டியிருக்கும். உடல் வளர இன்னும் எத்தனையோ ஆண்டுகள் இருக்க, தலை மட்டும் அவசரக்காரத் தலை. பெரியவர் அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. எனவே ஐந்தாம் சுற்றில் 60-க்குப் பதில் 54-இல் நிறுத்தினால் போதும். ஒரு வயதுக் குழந்தைக்கு 48. தாத்தாவின் குல்லாவுக்கும் பேரனின் குல்லாவுக்கும் சுற்றுக்கு ஆறே கண்ணிகள்தான் வித்தியாசம்.

இனிப் புடைப்பு. வெறுமனே ஒரே கண்ணியைப் போட்டுக்கொண்டு போனால் வழவழவென்ற குல்லா கிடைக்கும். அதில் மேடும் பள்ளமும் வேண்டுமென்றால் ஊசி கண்ணியின் தலைக்குள் நுழையாமல், முந்தைய சுற்றுக் கண்ணியின் தண்டை முன்பக்கமாக வளைத்துப் பிடித்து நூலை இழுக்க வேண்டும். அந்தத் தண்டு துணியின் முகத்தில் எழுந்து நிற்கும். பின்பக்கமாக வளைத்தால் உள்ளே அமுங்கும். ஒரு தண்டை முன்பக்கம் எடுத்து, அடுத்த இரண்டு கண்ணிகளைச் சாதாரணமாகப் போட்டு, இப்படியே சுற்று முழுதும். அடுத்த சுற்றில் முன்தண்டின் மேல் முன்தண்டு, மற்ற இரண்டும் பின்தண்டில். இந்த இரண்டு சுற்றுகளும் மாறி மாறி வந்தால் சிறு சிறு சதுரக் குழிகள் நிறைந்த ஒரு பரப்பு உருவாகிறது. மூன்றின் மடங்காகக் கண்ணிகள் இருந்தால் போதும். 48, 54, 60 மூன்றுமே மூன்றால் வகுபடுபவை. அந்தக் குழிகளில் காற்று தங்குகிறது; தங்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எனவே புடைப்பு என்பது வெறும் அலங்காரமும் இல்லை. ஆனால் இதற்கு விலை உண்டு. தண்டுப் பின்னல் துணியை இறுக்கிக் குறுக்குகிறது. ஆகவே அதே உயரத்துக்குச் சுற்றுகள் கூடுகின்றன, நூலும் கூடுகிறது, நேரமும் கூடுகிறது.

எவ்வளவு நேரம்? எண்ணிப் பார்ப்போம். உச்சிப் பகுதியில் 12, 24, 36, 48, 60, கூட்டினால் 180. அதன்பின் 12 சுற்றுகள் கீழிறங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், சுற்றுக்கு 60 வீதம் 720. மொத்தம் 900 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை ஊசியின் மேல் நான்கு முறை சுற்ற வேண்டும்: நுழையும் முன் ஒரு முறை, இழுக்க ஒரு முறை, இரண்டிரண்டு வளையமாக விடுவிக்க இரு முறை. ஆக 3,600 முறை நூல் ஊசியைச் சுற்றுகிறது. ஒரு கண்ணிக்குப் பத்து விநாடி என்றாலும் 9,000 விநாடி, அதாவது இரண்டரை மணி நேரம். இதில் தவறிய கண்ணியை அவிழ்த்துப் போடுவதும், நூல் நுனிகளை உள்ளே இழுத்து மறைப்பதும் சேரவில்லை. அவற்றுக்கு அரை மணி நேரம் வைத்தால் மூன்று மணி நேரம். பழகிய கைக்கு இது. புதிய கைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடிக்கும்.

குழந்தையின் குல்லாவுக்கு உச்சியில் 174, பத்துச் சுற்றுகள், சுற்றுக்கு 54 வீதம் 540, மொத்தம் 714. பெரியவர் குல்லாவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. ஆனால் கடைத்தெருவில் குழந்தைக் குல்லா என்றால் பாதி விலைக்குக் கேட்பது நம் பழக்கம். 'இத்தனூண்டு குல்லாவுக்கா இவ்வளவு?' என்ற கேள்வியில் கண்ணிக் கணக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியும் சிறுமை மட்டுமே இருக்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டு பின்னுகிற பெண்ணை நாம் 'பொழுதைப் போக்குகிறவர்' என்று அழைக்கிறோம். மேலே சொன்ன வட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டினால் தட்டை. குறைத்துக் கூட்டினால் கிண்ணம். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஓரம் அலை அலையாய் மடிந்து, கோழிக்கொண்டைப் பூப்போல ஆகிவிடும். இந்த மூன்றாவது விளைவு, பின்னுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு கோளாறு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித ஆசிரியர் டைனா டைமினா 1997-இல் இதே கோளாற்றைத் திட்டமிட்டுச் செய்தார். அதிபரவளைய வடிவியல் என்று கணிதத்தில் சொல்லப்படும், படத்தில் காட்டுவதற்குக் கடினமான ஒரு பரப்பு, கையில் பிடித்துத் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாகக் குரோஷாவில் வந்தது. அதற்கு முன் அதைக் காகிதத் துண்டுகளை ஒட்டிக் காட்டிவந்தார்கள். அவை எளிதில் கிழிந்துவிடும். 2009-இல் வெளிவந்த அவருடைய நூல், அவ்வாண்டின் விசித்திரமான தலைப்புக்கென ஆங்கிலப் புத்தக உலகில் வழங்கப்படும் வேடிக்கைப் பரிசை முதலில் பெற்றது. அதே நூலுக்கு 2012-இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று ஆய்லர் பெயரால் வழங்கும் புத்தகப் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிப்பு, பிறகு மதிப்பு. ஆனால் அந்த மதிப்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த குரோஷாவுக்குத்தான் கிடைத்தது. திண்ணையில் நடந்தால் பொழுதுபோக்கு, கார்னெலில் நடந்தால் வடிவியல். கையும் ஊசியும் நூலும் ஒன்றே.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வாசகர்களுக்கு இது உவப்பாக இருக்கும். குரோஷாப் பின்னலுக்கான எழுத்துக் குறிப்பு என்பது சுருக்கெழுத்துகளும் எண்களும் நட்சத்திரக் குறிகளும் கொண்ட ஓர் இறுக்கமான உரைநடை. நட்சத்திரக் குறியிலிருந்து நட்சத்திரக் குறிவரை உள்ளதைத் திரும்பச் செய் என்பது, பாட்டில் பல்லவிக்குத் திரும்புவதைப் போன்ற ஒரு கட்டளை. இதில் ஒரு பெரிய கண்ணிவெடியும் உண்டு. அமெரிக்கர் டபுள் குரோஷா என்று எழுதுவதைப் பிரிட்டிஷார் டிரெபிள் என்கிறார்கள். பிரிட்டிஷாரின் டபுள், அமெரிக்கருக்குச் சிங்கிள். ஒரே சொல், இரண்டு உயரங்கள். எந்த நாட்டுப் புத்தகம் என்று தெரியாமல் தொடங்கினால் குல்லா பாதி உயரத்திலேயே நின்றுபோகும். நம் ஊர்ப் பெண்களில் பலர் இந்த இரண்டு வழக்குகளையும் பிரித்தறிந்து படிக்கிறார்கள். எழுத்துக் குறிப்பே இல்லாமல், பின்னிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே அதன் இலக்கணத்தைக் கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இதுவும் ஒரு வாசிப்புதான். மொழிபெயர்ப்புச் சிக்கல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், இந்த வாசிப்பை வாசிப்பென்று ஒருநாளும் எண்ணியதில்லை.

இது ஒருபுறமிருக்க, வரலாறு சொல்வதைக் கேட்போம். குரோஷா எங்கெல்லாம் பெரிய அளவில் பரவியதோ அங்கெல்லாம் அதன் கூடவே வறுமையும் இருந்திருக்கிறது. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளில் கன்னிமடங்களும் பாதிரிமார்களின் மனைவியரும் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மொனகன் கோட்டத்தின் குளோன்ஸ் என்ற சிற்றூரில், அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி கஸாண்ட்ரா ஹாண்ட் 1847-இல் தொடங்கிவைத்த வேலை இன்றும் அந்த ஊரின் பெயராலேயே வழங்குகிறது. வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் பின்னப் பல மாதங்கள் ஆகும். அதே தோற்றத்தைக் குரோஷாவில் விரைவாகக் கொண்டுவந்துவிடலாம். எனவே அந்த வேலைக்குச் சந்தை இருந்தது. ஒருத்தி ரோஜாவை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி இலையை மட்டும், இணைப்பவள் வேறொருத்தி. பட்டினியில் கிடந்த குடும்பங்களுக்கு அது கஞ்சி ஊற்றியது என்பதில் ஐயமில்லை. ஆனால் சீமாட்டியின் கழுத்துப்பட்டியாக அது போய்ச் சேர்ந்த இடத்தில் அதன் பெயர் நாகரிகம். புறப்பட்ட இடத்தில் அதன் பெயர் நிவாரணம். உழைப்பு என்ற பெயர் இரண்டு இடத்திலும் இல்லை.

நமக்கு அருகிலும் இதே கதை நடந்தது. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் நரசாபூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அங்கே கொண்டுவந்த குரோஷா லேஸ், காலப்போக்கில் சுற்றுவட்டாரம் முழுவதும் வீட்டுக்கு வீடு நடக்கும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக அங்கே ஆய்வு செய்து, 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்யும் இந்திய இல்லத்தரசிகள் என்பது அதன் துணைத் தலைப்பின் பொருள். அதில் அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெண்கள் சமையல், பிள்ளை, மாடு எல்லாவற்றுக்கும் இடையில் ஒரு நாளில் பல மணி நேரம் பின்னினார்கள். முகவர்களும் வணிகர்களும் ஏற்றுமதியாளர்களும் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள். பெண்களுக்குக் கிடைத்தது, வயல்வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. இது எப்படி நியாயப்படுத்தப்பட்டது? மிக எளிதாக: அவர்கள் தொழிலாளிகள் அல்லர், வீட்டில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள். அப்பெண்களில் பலரும் தங்களை அப்படித்தான் கருதிக்கொண்டார்கள். வயலில் இறங்காமல் வீட்டுக்குள் இருப்பது சாதிக் கௌரவமாக இருந்தது. அந்தக் கௌரவத்துக்கு அவர்கள் கொடுத்த விலை, வயலில் இறங்கிய பெண்ணைவிடக் குறைந்த கூலி.

நாம் முதலில் சொன்ன கருத்து இங்கே சதையும் எலும்புமாக நிற்கிறது. ஓய்வு நேரம் என்ற சொல் அங்கே ஒரு கணக்குப் புத்தகத்தின் வேலையைச் செய்தது. பொழுதுபோக்குக்கு எவரும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிப்பதில்லை. பொழுதுபோக்கும் கையோடு சங்கம் யாரும் அமைப்பதில்லை. நரசாபூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அந்தக் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். பின்னுகிற கைக்கு மணிக்கு எவ்வளவு என்ற கேள்வியை அதனால் தீர்க்க இயலாது.

லேஸிலிருந்து குல்லாவுக்குத் திரும்புவோம். குளிர்காலத்தில் மலைவாசத்தலக் கடைத்தெருக்களிலும் நகரத்துக் கைவினைச் சந்தைகளிலும் புடைப்புப் போட்ட குல்லாக்கள் தொங்குகின்றன. ஒன்றைக் கையில் எடுத்து விலை கேட்கிறோம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எந்தக் கடையின் கணக்கும் அன்று. விலை 300 ரூபாய். நூலுக்கு 90. கடைக்காரருக்கு 100. நடுவில் நின்று வாங்கிக்கொடுத்தவருக்கு 40. மீதி 70. மூன்று மணி நேரத்துக்கு 70 ரூபாய் என்றால், மணிக்கு 23 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரம் இடைவிடாது பின்னினாலும் 187 ரூபாயைத் தாண்டாது. எண்களை உங்கள் ஊருக்கேற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் மூன்று மணி நேரம் என்ற எண் மட்டும் அசையாது. அதை அசைக்கவல்ல எந்திரம் இல்லை. ஸ்வெட்டர் மலிவாகக் கிடைத்தால் எந்திரம் வேகமாக ஓடியிருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். குரோஷாக் குல்லா மலிவாகக் கிடைத்தால் அப்படி நம்ப வழியில்லை. ஒருவருடைய மணிக்கணக்கு மலிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். இரண்டுமே மதிக்கத்தக்கவை.

முதல் மறுப்பு: பின்னுவது மகிழ்ச்சி, எல்லாவற்றையும் காசில் அளக்க வேண்டுமா? பின்னுவது மகிழ்ச்சிதான். விரல்கள் ஒரு தாளத்தில் விழுந்துவிட்ட பிறகு மனம் அடங்குவதைப் பின்னுகிறவர்கள் அறிவார்கள். சென்னையில் 2016-இல் குரோஷாப் பின்னுவோர் பெருந்திரளாகச் சேர்ந்து 11,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட போர்வையைப் பின்னிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். கூலிக்காக எவரும் அதைச் செய்யவில்லை. பேத்திக்குப் பாட்டி பின்னும் குல்லாவுக்கு விலைச்சீட்டு ஒட்டச் சொல்வது நம் நோக்கமும் அன்று. கொடை கொடையாகவே இருக்கட்டும். ஆனால் கொடுக்கப்பட்டது என்ன என்று வாங்கிக்கொள்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 714 கண்ணிகள் என்று அறிந்து பெற்றுக்கொள்வதும், 'பொழுது போகாமல் போட்டது' என்று பெற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. தவிர, ஒரு வேலை மகிழ்ச்சி தருகிறது என்பதால் அதற்குக் கூலி வேண்டாம் என்றால், பாடகருக்கும் கூலி வேண்டியதில்லை. மருத்துவத்தில் மனநிறைவு காணும் மருத்துவரிடம் நாம் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதில்லை. மகிழ்ச்சியைக் காட்டிக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் தந்திரம் சில கைகளிடம் மட்டுமே செல்லுபடியாகிறது.

இரண்டாவது மறுப்பு கடினமானது: நியாயமான கூலி போட்டால் குல்லா 700, 800 ரூபாய் ஆகும், யார் வாங்குவார்கள்? இருக்கிற எழுபது ரூபாயும் அந்தப் பெண்ணுக்குப் போய்விடாதா? இது உண்மையான அச்சம். எந்திரத்தில் பின்னிய குல்லா நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது எல்லோராலும் எண்ணூறு கொடுக்க இயலாது. கொடுக்கச் சொல்லி எவரையும் குற்றவுணர்வுக்கு ஆளாக்குவதும் வீண். குளிருக்கு ஒரு குல்லா வேண்டுமென்றால் எந்திரக் குல்லாவே போதும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் கைவேலை என்று தெரிந்து, கைவேலை என்பதற்காகவே விரும்பி வாங்குகிறவர், எந்திர விலையைக் கேட்பது முரண். பட்டுச் சேலையில் கைத்தறி என்ற சொல்லுக்கு விலை கூட்டிக் கொடுக்கிறோம். அங்கே தறியை ஒரு தொழிலாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். நெசவாளருக்கே கூலி ஒழுங்காகப் போகிறதா என்பது தனிக் கேள்வி என்றாலும், அதைத் தொழில் என்று சொல்ல எவரும் கூசுவதில்லை. மடியில் அடங்கும் ஊசிக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. தொழில் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கூட்டுறவோ நேரடி விற்பனையோ குறைந்தபட்சக் கூலியோ பேச இயலும். பெயர் முதலில், பேரம் பிறகு.

இந்த விஷயத்தில் இலக்கியக்காரர்களான நமக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று தோன்றுகிறது. சன்மானமில்லாமல் எழுதுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சிற்றிதழுக்கு ஒரு மாதம் உழைத்துக் கட்டுரை எழுதிக் கொடுத்தவரிடம், 'உங்களுக்குத்தான் எழுதுவது பிடிக்குமே' என்று சொல்லப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'வேலைக்குப் போகிறீர்கள் அல்லவா, இது ஹாபிதானே' என்று உறவினர்கள் கேட்கும்போது நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. எழுத்தைப் பொழுதுபோக்கு என்று அழைத்தால் நாம் சண்டைக்குப் போகிறோம். பொழுதுபோக்கு எழுத்து, தீவிர எழுத்து என்று பாகுபாடு செய்து பல்லாண்டுகள் விவாதித்திருக்கிறோம். அந்தச் சொல்லின் காயம் எத்தகையது என்று அறிந்த நாமே, பக்கத்து அறையில் 900 கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறவரின் மேல் அதே சொல்லைக் கூசாமல் போடுகிறோம். நாம் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுப்பக் கூடாது. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது காபி கேட்கலாம். எண்ணிக்கை தவறினால் ஒரு சுற்று முழுவதையும் அவிழ்க்க வேண்டும் என்பது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. குரோஷாக் குல்லா ஒன்றை வாங்கும்போது, யார் பின்னினார்கள், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்கலாம். விற்பவருக்கு விடை தெரியவில்லையென்றால், அதுவும் ஒரு விடைதான். குழந்தைக் குல்லா என்பதற்காகப் பாதி விலை கேட்பதை நிறுத்தலாம். கைவேலைகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுகிறவர்கள் 'ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கலாம்' என்ற அந்தத் தேய்ந்த தலைப்பைக் கைவிடலாம். நரசாபூரில் கூலியைக் குறைத்தது அந்த வாக்கியம்தான்.

அதைவிடப் பயனுள்ள காரியம் ஒன்று இருக்கிறது. ஓர் ஊசியும் நூறு கிராம் நூலும் வாங்கி, ஒரே ஒரு குல்லாவைப் பின்னிப் பார்ப்பது. ஆண்களும்தான். இருபது நிமிடத்தில் பன்னிரண்டு கண்ணிகள் வரும், கோணல் மாணலாக. இரண்டாவது மாலையில் கிண்ணம் வளையத் தொடங்கும். முன்தண்டை வளைத்துப் பிடிக்கும்போது சுண்டுவிரல் வலிக்கும். கடைசி நூல் நுனியை உள்ளே இழுத்து மறைத்துவிட்டு, அதற்கு என்ன விலை வைப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். அந்த விடையைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த முறை கடைத்தெருவுக்குப் போவோம்.